ஜாகுவார் எக்ஸ்ஜே6 சீரிஸ் 3: பின் கூட்டை இறக்கிப் புதுப்பித்த வேலைக் குறிப்பு

வண்டி 4.2 லிட்டர், ஆட்டோமேட்டிக், பிரிட்டனிலேயே ஓடித் தேய்ந்தது. குறைகள் மூன்று. டிரைவ் கியர் போட்டாலும், ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்தாலும் பின்னாலிருந்து ‘டொக்’. எம்ஓடி சோதனையில் (பிரிட்டனின் ஆண்டுத் தகுதிச் சோதனை) ஹேண்ட் பிரேக் தேறவில்லை. இடப்பக்க டிஸ்க்குக்கு நேர் மேலே, வண்டித் தரையின் அடிப்பக்கத்தில், வளையமாகத் தெறித்த எண்ணெய்.

மூன்றையும் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டே தனித்தனியாகச் சரிசெய்ய முடியும். பல எக்ஸ்ஜே6-களில் அப்படித்தான் செய்திருப்பார்கள். பாதி எட்டிய ஸ்பேனரால் முனை மழுங்கிய போல்ட் தலைகளும், தளராமலிருக்கப் பூட்டுக்கம்பி கட்டாமல் விட்ட காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிரேக் கவ்வி) போல்ட்டுகளும் அதற்குச் சாட்சி. பின் சஸ்பென்ஷன் முழுவதும் ஒரே கூட்டில் அடங்கியிருக்கும் வண்டி இது. கூட்டை இறக்க ஒரு நாள் போகும். இறக்காமல் டிஸ்க் மாற்றப் புகுந்தால் அந்த ஒரு நாளும் போகும், சீல் மட்டும் பழையதாகவே இருக்கும்.

அமைப்பு

இந்தப் பின் அமைப்பு 1961-இல் இ-டைப்பிலும் மார்க் டென்னிலும் வந்தது. ஜாகுவார் பொறியாளர் பாப் நைட்டின் வடிவமைப்பு. 1968-இல் எக்ஸ்ஜே6-க்கு வந்து, 1979-இல் தொடங்கிய சீரிஸ் 3 முடியும் வரை அடிப்படை மாறாமல் நீடித்தது. அழுத்தி வளைத்த தகட்டால் ஆன கூட்டின் நடுவே, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் தொங்கும் (இனி டிஃப்). டிஃபின் இரு பக்கத்திலும் அவுட்புட் ஷாஃப்ட், அதன் ஃபிளாஞ்சில் பிரேக் டிஸ்க், டிஸ்க்குக்கு வெளியே டிரைவ் ஷாஃப்ட். டிரைவ் ஷாஃப்ட்டுக்கு இங்கே இரட்டை வேலை: சக்கரத்தைச் சுழற்றுவது போக, சஸ்பென்ஷனின் மேல் கையும் அதுதான். கீழ்க் கை குழாய் விஷ்போன். பக்கத்துக்கு இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஷாக் அப்சார்பர். கூடு வண்டியின் உடலைத் தொடுவது நான்கு வி-மவுண்ட் ரப்பர் வழியாகவும், இரண்டு ரேடியஸ் ஆர்ம் (கீழ்க் கையை உடலோடு இணைக்கும் தண்டு) புஷ் வழியாகவும் மட்டுமே. டிஃபின் முனகலோ சாலையின் இரைச்சலோ பின் சீட்டுக்கு வராததற்கு அந்த ஆறு ரப்பர்கள்தான் காரணம்.

பிரேக் சக்கரத்தில் இல்லாமல் நடுவில் இருப்பதால் சக்கரத்தோடு துள்ளும் எடை குறைகிறது, வண்டி மெத்தென்று போகிறது. அதற்குரிய விலை சூடு. டிஸ்க்கின் சூடு நேராக அவுட்புட் ஷாஃப்ட் வழியே ஆயில் சீலுக்கு இறங்கும். சீல் வெந்து விறைக்கும், எண்ணெய் கசிந்து டிஸ்க்கில் படும், பேட் நனையும். ஹேண்ட் பிரேக் பிடிக்காமல் போவதும் பெரும்பாலும் இதே சங்கிலியின் கடைசிக் கண்ணிதான்.

(அதே காலத்து ரோவர் எஸ்டி1-இல் பின்னால் நேர் அச்சும் டிரம் பிரேக்கும்தான். அந்த உடல்தான் 1985-இல் சென்னையில் ஸ்டாண்டர்ட் 2000 ஆயிற்று. பராமரிக்க எஸ்டி1 எவ்வளவோ எளிது. ஆனால் மோசமான சாலையில் பின் சீட்டில் இருப்பவருக்கு எது எந்த வண்டி என்று கண்ணை மூடினாலும் தெரிந்துவிடும்.)

இறக்குமுன் பார்க்க வேண்டியவை

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டவும். ஆட்டம் இருந்தால் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸ், ஹப் பேரிங், அவுட்புட் ஷாஃப்ட் பேரிங் மூன்றில் ஒன்று. மேல் கை என்பதே டிரைவ் ஷாஃப்ட் ஆகையால் கிராஸ் தேய்ந்தால் சக்கரத்தின் சாய்வே ஆடும். இன்னொருவர் ஆட்டிக்கொண்டிருக்க, எந்த இணைப்பு நகர்கிறதென்று விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். விஷ்போனின் வெளி முனையில் நகர்வு இருந்தால் அங்குள்ள டேப்பர் பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது.

எண்ணெய் எங்கிருந்து வருகிறதென்பதை அடித்தகட்டில் தொங்கும் சொட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பினியன் சீல் (புரொப்பல்லர் ஷாஃப்ட் டிஃபில் சேருமிடத்தில் இருப்பது), அவுட்புட் சீல், பின் மூடி எதில் கசிந்தாலும் அது அடித்தகட்டில் தேங்கி ஒரே துளை வழியாகத்தான் சொட்டும். மேலே வண்டித் தரையில் வளையமாகத் தெறித்திருந்தால் அவுட்புட் சீல். டிஃபின் மூக்கு மட்டும் ஈரமென்றால் பினியன் சீல்.

‘டொக்’ சத்தத்துக்கு டிஃபைக் குறை சொல்வது வழக்கம். டிஃப் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள், அது அவ்வளவு முரடு. முதலில் வி-மவுண்ட்: டிஃபின் மூக்குக்கடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் மெல்ல உயர்த்தினால், ஒட்டு விட்ட ரப்பர் உலோகத்தைப் பிரிந்து வாய் திறக்கும். இந்த வண்டியில் முன்புற மவுண்ட் இரண்டும் பிரிந்திருந்தன, டிரைவ் ஷாஃப்ட்டின் உட்பக்க கிராஸ் ஒன்றும் தேய்ந்திருந்தது.

ரேடியஸ் ஆர்ம் உடலில் சேருமிடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சாலை உப்பு முதலில் தின்னுமிடம் அதுதான். தகடு உள்ளே போனால் வெல்டிங் முடிந்த பிறகே மற்ற வேலை.

வாங்கி வைத்தவை

வி-மவுண்ட் 4. ரேடியஸ் ஆர்ம் முன் புஷ் 2, பின்பக்கச் சிறு புஷ் 2. கிராஸ் 4. அவுட்புட் சீல், ஓ-ரிங், நசுங்கும் ஸ்பேசர் பக்கத்துக்கு ஒன்று. ஹப் பேரிங் பக்கத்துக்கு 2, சீலோடு. விஷ்போன் வெளி முனைக்கு டேப்பர் பேரிங் பக்கத்துக்கு 2. உள் முனைக்கு ஊசி பேரிங் மொத்தம் 8. ஷாக் அப்சார்பர் 4. டிஸ்க் 2, பேட் 4, ஹேண்ட் பிரேக் பேட் 4. பிரேக் ஹோஸ் 1, செப்பு-நிக்கல் குழாய் ஒரு சுருள். 0.8 மி.மீ. துருப்பிடிக்காத பூட்டுக்கம்பி. ஜிஎல்-5 தர இபி 90 எண்ணெய் 2 லிட்டர். டிஃப் பவர்-லாக் (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும்) வகையானால் அதற்குரிய சேர்க்கைத் திரவமும் வேண்டும், இல்லையென்றால் திருப்பங்களில் உறுமும்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். ரேஸ் ஓட்டுபவர்களுக்கு அது சரி. எக்ஸ்ஜே6-ஐ வைத்திருப்பதே அதன் அமைதிக்காக, அந்த அமைதி குடியிருப்பது ரப்பரில். மலிவான வி-மவுண்ட்டும் வேண்டாம், ஒட்டு சீக்கிரம் விட்டுவிடும். கூட்டை மறுபடி இறக்கும் சிரமத்தோடு ஒப்பிட்டால் விலை வித்தியாசம் ஒன்றுமில்லை.

இறக்குதல்

முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை. ஹேண்ட் பிரேக் தளர்வு. பின் சக்கர நட்டுகளைத் தரையிலேயே சற்று இளக்கவும். அடித்தகட்டின் நடுவில் தடித்த மரப்பலகை வைத்து ஜாக்கியால் தூக்கி, ரேடியஸ் ஆர்ம் மவுண்டுக்குச் சற்று முன்னே உடலுக்கடியில் ஸ்டாண்ட், அதன்மேல் மரக்கட்டை. பலகையில்லாமல் ஜாக்கி வைத்தால் அடித்தகடு குழிந்துவிடும். எவ்வளவு உயரம் என்பதை இப்போதே அளந்துகொள்ளுங்கள்: கூடு ஜாக்கியின் மேல் உட்கார்ந்தபடியே பம்பருக்கடியில் வெளியே வர வேண்டும். இதை மறந்தால் கூட்டைக் கழற்றிய பின் வண்டியை இன்னும் தூக்க வேண்டிவரும், அது ஆபத்து.

இரு எக்ஸாஸ்ட் குழாய்களும் கூட்டின் நடுவே புகுந்து போகின்றன. அவை வெளியே வந்தாலொழிய கூடு இறங்காது. இணைப்புகள் துருவில் ஒன்றாகியிருக்கும். குழாய் பழையதானால் அறுத்துவிடுவதே புத்தி.

ரேடியஸ் ஆர்ம் முன் போல்ட்டுக்கு முந்தின வாரமே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். போல்ட் வந்துவிடும், ஆர்ம் வராது: புஷ்ஷின் உள் குழல் உடலின் கூம்போடு துருவால் பிடித்திருக்கும். கடப்பாரை போட்டு நெம்பினால் உடல் தகடு கிழியும். ரப்பரைக் கத்தியால் அறுத்து ஆர்மை விடுவித்து, மிஞ்சும் குழலை நீளவாக்கில் ரம்பத்தால் கீறி உளியால் பிளப்பதுதான் வழி. எப்படியும் புஷ் புதிதுதானே. டார்ச் சுடர் காட்டக் கூடாது: மேலே கம்பளமும் தார்ப்பூச்சும், இரு பக்க ஃபெண்டருக்குள்ளும் பெட்ரோல் டேங்க்.

பிறகு பிரேக் ஹோஸைக் கழற்றி இரு முனைகளையும் அடைக்கவும், ஹேண்ட் பிரேக் கேபிளை விடுவிக்கவும், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் குறி போட்டு நான்கு நட்டுகளையும் எடுக்கவும். வி-மவுண்ட் நட்டுகள் கடைசி. ஜாக்கி தாங்கியிருக்க, ஒருவர் கூட்டைச் சாயாமல் பிடிக்க, இன்னொருவர் அங்குலம் அங்குலமாக இறக்க வேண்டும். இரண்டு பேர் தூக்கக்கூடிய எடை அல்ல இது, மேல்பாரம் வேறு.

மேசைமேல்

எதையும் கழற்றுமுன் மண்ணைச் சுரண்டி, டீசல் அடித்துத் துடைக்கவும். பிறகு கூட்டைத் தலைகீழாகப் போட்டு அடித்தகட்டை எடுத்தால் எல்லாமே கைக்கெட்டும்.

டிஸ்க்குக்கும் டிரைவ் ஷாஃப்ட் ஃபிளாஞ்சுக்கும் நடுவிலுள்ள ஷிம்கள்தான் (மெல்லிய இடைத்தகடுகள்) கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வை, தீர்மானிப்பவை. இடம் எத்தனை, வலம் எத்தனை என்று எழுதி, தனித்தனிப் பையில் போடுங்கள். ஸ்பிரிங் யூனிட்டை அழுத்துக்கருவி இல்லாமல் பிரிக்க முயலாதீர்கள்.

அவுட்புட் ஷாஃப்ட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெடுக்கப்படுவது அதுதான். காலிப்பரைத் தாங்கும் கூடு, இரு டேப்பர் பேரிங், நடுவே நசுங்கும் ஸ்பேசர், ஓரத்தில் சீல், உள்முனையில் நட்டும் பூட்டு வாஷரும். சீலை மாற்ற நட்டைக் கழற்றியாக வேண்டும். நட்டைக் கழற்றினால் ஸ்பேசரின் வேலை முடிந்தது. பழைய ஸ்பேசரையே போட்டு இறுக்கினால் பேரிங்கின் முன்னிறுக்கம் (ஆட்டமில்லாமலிருக்கத் தரும் இறுக்கம்) தவறும், டிஸ்க் ஆடும், புதுச் சீல் சில மாதத்தில் மறுபடி கசியும். புது ஸ்பேசரில் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் ஷாஃப்ட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். ஆட்டம் மறைந்து, சீரான மெல்லிய எதிர்ப்பு வந்ததும் நிறுத்தவும். ஒரு சுற்று கூடிப்போனால் நட்டைத் தளர்த்திச் சரிக்கட்ட முடியாது, இன்னொரு ஸ்பேசர்தான். அதனால் ஒன்று கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது. இந்தக் காலிப்பர் கூட்டுக்கும் டிஃபுக்கும் இடையில் ஷிம் இருந்தால் அதே பக்கத்தில் அதே எண்ணிக்கை. ஓ-ரிங் புதிது.

சீல் போட்ட கையோடு டிஃபின் மேல்புறமுள்ள சுவாசத் துளையைக் கம்பி விட்டுத் துப்புரவு செய்யுங்கள். அது மண்ணால் அடைத்திருந்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எந்தச் சீலையும் தள்ளிவிடும். இந்த வண்டியில் அது முழுக்க அடைத்திருந்தது. பினியன் சீல் உலர்ந்திருந்ததால் அதைத் தொடவில்லை. கசியாத சீலைக் கிளறுவது வீண் வம்பு.

காலிப்பரில் பிஸ்டனில் குழி விழாமலிருந்தால் ரப்பர் மட்டும் புதிது. இரு பாதிகளையும் இணைக்கும் சிறு குழாய் துருவேறியிருந்தால் புதிதாக வளைத்துப் போடவும். டிஸ்க் புதிதில் அரை அங்குலத் தடிமன். தேய்ந்ததைக் கடைவதைவிட மாற்றுவதே மேல், இனி இவ்வளவு வசதியாக அது கைக்கு வராது. ஹேண்ட் பிரேக்குக்குத் தனிச் சிறு காலிப்பர். பேட் தேயத் தேயத் தானாக நெருங்கும் ரேச்செட் அதற்குள் இருக்கிறது. அந்த ரேச்செட் காய்ந்து இறுகிவிடுவதால்தான் லீவரை எவ்வளவு இழுத்தாலும் பிடிப்பதில்லை. பிரித்துக் கழுவி, சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, பேடைப் பின்னிழுக்கும் கவைத்தகட்டை நிமிர்த்திப் போடவும். அந்தத் தகட்டை விட்டுவிட்டால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

கிராஸ் மாற்றும்போது கிண்ணத்துக்குள் ஓர் ஊசி சாய்ந்தாலும் ஜாயின்ட் ஓரிடத்தில் பிடிக்கும். கிரீஸில் ஊசிகளை நிறுத்தி, வைஸில் நேராக அழுத்தி, சர்கிளிப் முழுதாகக் காடியில் அமர்ந்ததைப் பார்க்கவும்.

ஹப்பில் நுனி ஆட்டம் 0.001 முதல் 0.003 அங்குலம் வரை இருக்க வேண்டும். இதற்கு எழுத்திட்ட ஸ்பேசர்கள் 0.003 அங்குலப் படிகளில் கிடைக்கும். டயல் இண்டிகேட்டர் இல்லாமல் செய்யும் வேலையல்ல. விஷ்போன் வெளி முனையில் இதற்கு நேர்மாறு, அங்கே ஆட்டமே கூடாது, 0 முதல் 0.002 அங்குலம் முன்னிறுக்கம் வேண்டும். கணக்கு இப்படி: வேண்டுமென்றே கூடுதல் ஷிம் போட்டுப் பூட்டி ஆட்டத்தை அளக்கவும். 0.010 அங்குலம் காட்டினால் 0.011 அளவுக்கு ஷிம் எடுக்கவும், 0.001 முன்னிறுக்கம் வந்துவிடும். இங்கே தண்ணீர் புகாமலிருக்க ஆண்டுதோறும் கிரீஸ் அடிப்பதுதான் ஒரே காவல். ஹப்புக்கு மட்டும் அளவோடு. நிறைய அடித்தால் சீல் வெளியே வந்துவிடும்.

உள் முனை ஊசி பேரிங்குகளைக் கோக்க விஷ்போன் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக வெட்டிய போலித் தண்டு ஒன்று வேண்டும். பேரிங், இடைக்குழல், வாஷர், சீல் எல்லாவற்றையும் அதில் கோத்து, உண்மையான தண்டைத் தட்டும்போது போலித்தண்டு மறுபக்கம் வெளியே வரும். இல்லாவிட்டால் வாஷர்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருக்கும்.

இறுக்கங்கள், பவுண்டு-அடியில்

டிஃப் - கூடு 70–77. காலிப்பர் - டிஃப் 49–55, டிரைவ் ஷாஃப்ட் - டிஸ்க் அதே அளவு. விஷ்போன் உள் தண்டு 45–50, வெளித்தண்டு 97–107. ஹப் நட் 100–120. ஷாக் அப்சார்பர் மேலும் கீழும் 32–36. அடித்தகடு - கூடு வெறும் 14–18, பலர் இங்கே பலம் காட்டி மரையைக் கெடுக்கிறார்கள். டிஃபைப் பிடிக்கும் நான்கு போல்ட்டுக்கும் காலிப்பர் போல்ட்டுகளுக்கும் பூட்டுக்கம்பி கட்டாயம். கம்பி இழுக்கும் திசை போல்ட் இறுகும் திசையாக இருக்க வேண்டும்.

ஏற்றுதல்

ஏற்றுவதற்கு முன்பே கூட்டிலுள்ள பிரேக் குழாய்கள் அத்தனையையும் புதிதாக்குங்கள். வி-மவுண்ட் உட்காரும் இடங்களில் துருவைச் சுரண்டி பெயின்ட். ரேடியஸ் ஆர்ம் முன் புஷ்ஷிலுள்ள துவாரங்கள் ஆர்மின் நீளவாக்கில் அமைய வேண்டும். குறுக்கே போட்டால் விறைப்பாகி, சத்தம் உடலுக்கு ஏறும். எல்லா நட்டுகளையும் கையால் பிடித்த பிறகே இறுக்கத் தொடங்கவும். ரேடியஸ் ஆர்ம் புஷ்களின் கடைசி இறுக்கம் வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகு. தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகியபடியே ஓடி, சீக்கிரம் கிழியும்.

எண்ணெய் சுமார் 1.6 லிட்டர். சமதரையில் நிரப்புத் துளையின் விளிம்பு வரை. பிரேக்குக்கு புது டாட் 4 திரவம். காற்று எடுக்கும் திருகுகள் கூட்டின் இடுக்கில் இருப்பதால் நீளமான மெல்லிய ஹோஸ் வேண்டும், பெடலை மிதிக்க ஓர் ஆளும் வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளை மாட்டுமுன் காலிப்பர் லீவரை ‘கிளிக்’ ஓசை நிற்கும் வரை திரும்பத் திரும்ப இயக்கி ரேச்செட்டை நெருங்கவிடவும். கேபிளை முதலில் இறுக்கி அந்தக் குறையை மறைத்தால் ரேச்செட் வேலையே செய்யாது.

கொஞ்ச தூரம் ஓட்டி சஸ்பென்ஷன் அமர்ந்த பின் கேம்பர் பார்க்கவும். அளவு மைனஸ் முக்கால் டிகிரி, கால் டிகிரி முன்பின். 0.020 அங்குல ஷிம் ஒன்று ஏறக்குறைய கால் டிகிரி. ஷிம் சேர்த்தால் சக்கரத்தின் தலை வெளியே போகும், எடுத்தால் உள்ளே வரும். புது கிராஸும் புது டிஸ்க்கும் போட்டதால் பழைய எண்ணிக்கை பெரும்பாலும் அப்படியே பொருந்தாது. இங்கே வலப்பக்கத்தில் ஒரு ஷிம் குறைக்க வேண்டி வந்தது.

‘டொக்’ போய்விட்டது. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது கேட்பது டிஃபின் மெல்லிய இழைப்பு மட்டும், அதுவும் ஜன்னல் திறந்திருந்தால்தான். 100 மைல் ஓடிய பின் வி-மவுண்ட் நட்டு, ரேடியஸ் ஆர்ம் போல்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் நட்டு மூன்றையும் மறுபடி டார்க் ரெஞ்சால் பார்க்கவும். அடித்தகட்டைத் துடைத்துவிட்டு ஒரு துண்டு வெள்ளை அட்டையை இரவில் அடியில் போட்டு வைத்தால், சீல் பிடித்ததா இல்லையா என்பது காலையில் தெரிந்துவிடும்.